கழுத்துக் குழியில் ஒரு நாடி

கொஞ்சம் சிரமத்தைப் பாராமல் ஒரு காரியம் செய்யுங்கள். இடது கையால் இந்தப் பத்திரிகையைப் பிடித்துக் கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலைத் தாடைக்குக் கீழே கழுத்தின் நட்ட நடுவில் வையுங்கள். அப்படியே மெல்லக் கீழே இறக்குங்கள். முதலில் ஒரு மேடு தட்டுப்படும். அது குரல்வளை; ஆண்களுக்கு நன்றாகத் துருத்திக் கொண்டிருக்கும். அதற்கு அடியில் ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்துக்கு அடியில் மோதிரம் மாதிரி கெட்டியாக ஒரு வளையம். அதையும் தாண்டினால் விரல் வழுக்கிக் கொண்டு போய், இரண்டு காறை எலும்புகளும் சந்திக்கிற குழியில் விழும். அந்த மோதிரத்திலிருந்து இந்தக் குழி வரைக்கும் உள்ள தூரம் மூன்று, நான்கு விரற்கடை இருந்தால் அதிகம்.

இந்த வாரம் நான் எழுதப் போவது அந்த நாலு விரற்கடை நிலத்தைப் பற்றித்தான். சென்னையில் அரை கிரவுண்டு மனைக்குக் கோர்ட்டு ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் குட்டி மனைக்குள் இருக்கிற வில்லங்கம் வேறு எந்த மனையிலும் கிடையாது. டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

விஷயம் எப்படி ஆரம்பித்தது என்றால், எங்கள் மாடி வீட்டு மாமா ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். வயது அறுபத்தெட்டு. மழை பெய்து ஓய்ந்த மறு நாள். சேறு படிந்த தெரு. தலையில் அடி. மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரியில் மூச்சு யந்திரம் வைத்தார்கள். வாய் வழியாக விட்ட குழாய் எட்டு நாளைக்கு மேல் ஆகியும் எடுக்க முடியவில்லை. "கழுத்திலே ஒரு சின்ன ஓட்டை போட்டு, அது வழியா மூச்சு விட வைக்கணும்" என்றார் டாக்டர். மாமி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து விட்டாள். "கழுத்தை அறுக்கப் போறேளா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள்.

நேயர்களே, மாமி கேட்டது அசட்டுக் கேள்வி அல்ல. மனித குலம் இரண்டாயிரம் வருஷமாகக் கேட்டு வருகிற கேள்வி அது. கழுத்தில் கத்தி வைப்பது என்றால் எந்தத் தேசத்திலும் ஒரே அர்த்தம்தான். வைத்தியர்களே பயந்தார்கள். அந்தப் பயத்துக்கு எவ்வளவு விலை கொடுத்திருக்கிறோம் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன்.

1799-ம் வருஷம் டிசம்பர் மாதம். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் பதவியை விட்டு விட்டு, மவுண்ட் வெர்னன் என்ற தம் பண்ணையில் நிம்மதியாக இருந்தார். பனியிலும் மழையிலும் குதிரை மேல் பண்ணையைச் சுற்றி விட்டு வந்தார். தொண்டை கட்டிக் கொண்டது. 14-ந் தேதி விடியற்காலை மூச்சு முட்ட ஆரம்பித்து விட்டது. மூன்று டாக்டர்கள் வந்தார்கள். அந்தக் கால வழக்கப்படி ரத்தத்தை வெளியேற்றினார்கள். ஒரு தடவையா, இரண்டு தடவையா? ஒரே நாளில் நாலு தடவை! மொத்தம் இரண்டு லிட்டருக்கு மேல் இருக்கும் என்று கணக்குப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மூவரில் இளையவர் எலைஷா டிக் என்பவர். "தொண்டைக்குக் கீழே மூச்சுக் குழாயைத் திறந்து விடலாம்" என்று யோசனை சொன்னவர் அவர். மூத்தவர்கள் இருவரும் கூடாது என்று விட்டார்கள். அன்றிரவே வாஷிங்டன் காலமானார். உள்நாக்குக்குக் கீழே குரல்வளையின் மூடி வீங்கி வழியை அடைத்திருக்க வேண்டும் என்று இன்றைய நிபுணர்கள் பலர் நினைக்கிறார்கள். கழுத்தில் ரத்தம் வருமே என்று அஞ்சினார்களோ என்னவோ. கையிலிருந்து படி படியாக ரத்தம் எடுக்க மட்டும் அஞ்சவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வாஷிங்டன் இறந்த பிறகு அவருடைய நண்பர் வில்லியம் தார்ன்டன் என்பவர் வந்து சேர்ந்தார். அமெரிக்கப் பார்லிமெண்டுக் கட்டிடத்துக்குப் படம் போட்டவர் அவர், வைத்தியமும் படித்தவர். உடலைச் சூடுபடுத்தி, மூச்சுக் குழாயைத் திறந்து காற்றை ஊதி, ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை ஏற்றினால் பிழைத்துக் கொள்வார் என்றாராம்! நல்ல வேளை, வீட்டார் சம்மதிக்கவில்லை.

இந்த ஆபரேஷன் கௌரவம் பெற்றது பிரான்ஸ் தேசத்தில். தொண்டை அடைப்பான் என்று நம் பாட்டிமார் பயந்த டிப்தீரியா, குழந்தைகளைக் கொள்ளை கொண்டு போய்க் கொண்டிருந்த காலம். டூர் என்ற ஊரில் பிரட்டனோ என்ற டாக்டர் முதலில் முயன்று தோற்றார். 1825-ல் ஒரு சின்னப் பெண்ணின் மூச்சுக் குழாயைத் திறந்து அவளைப் பிழைக்க வைத்தார். அவருடைய சிஷ்யர் ட்ரூஸோ இருநூறுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இதைச் செய்து, நாலில் ஒரு குழந்தையைக் காப்பாற்றினதாகத் திருப்தியுடன் எழுதினார். நாலில் ஒன்றுதானா என்று நாம் கேட்கலாம். நாலும் போய்க் கொண்டிருந்த வீடுகளில் ஒன்று மிஞ்சினால் அந்தத் தாயாருக்கு அது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் டென்மார்க். 1952-ம் வருஷம் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் தலைவிரித்தாடியது. பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் மூச்சுத் தசைகள் செயலிழந்து யந்திரத்தில் வைத்த முதல் 31 பேரில் 27 பேர் மூன்றே நாளில் இறந்து விட்டார்கள். ஆகஸ்டு 27-ந் தேதி இப்ஸன் என்ற மயக்க மருந்து டாக்டர், பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்திக்குக் கழுத்தில் துவாரம் செய்யச் சொல்லி, பலூன் வைத்த ரப்பர் குழாயைச் செருகி, கையாலேயே பையை அமுக்கி அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். பெண் பிழைத்தாள். அதற்குப் பிறகு சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் முறை போட்டுக் கொண்டு, இரவு பகலாக நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைக்கு நாம் 'ஐ.ஸி.யூ.' என்று சொல்லி, பில்லைப் பார்த்து மூர்ச்சை போடுகிறோமே, அதன் பிறப்பிடம் அந்த வார்டுதான் என்பார்கள்.

சரி, மாமிக்கு டாக்டர் என்ன சொன்னார்? அந்த ஸர்ஜன் பொறுமைசாலி. மருந்துச் சீட்டின் பின்புறத்தைத் திருப்பிப் போட்டு, பேனாவால் படம் வரைந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். "பத்திரிகைக்காரரா நீங்க? சரி, பார்த்துக்குங்க. தப்பா மட்டும் எழுதிடாதீங்க" என்றார்.

மூச்சுக் குழாய் என்பது பத்துப் பன்னிரண்டு ஸென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழல். குருத்தெலும்பு வளையங்கள் பதினாறிலிருந்து இருபது வரை அதில் அடுக்கியிருக்கும். ஆபரேஷன் அதில் இரண்டாவது வளையத்துக்கும் நாலாவது வளையத்துக்கும் இடையில். குழலில் ஓட்டை போடுவது பெரிய காரியமில்லை. போய்ச் சேருகிற வழியில்தான் விஷயம். தெருவைத் தோண்டித் தண்ணீர்க் குழாய்க்குப் போகிறவர்கள் மின்சாரக் கம்பியையும் டெலிபோன் கம்பியையும் வெட்டி விட்டு, பேட்டையையே இருட்டடித்து விடுகிறார்கள் அல்லவா? அந்த மாதிரி!

தோலை விலக்கியதும் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் இரண்டு சிரைகள் தொங்கு கயிறு மாதிரி இறங்கும். சிலருக்கு நடுவில் குறுக்குக் கிளை ஒன்றும் ஓடும். ஆபரேஷன் ஆன முதல் இரண்டு நாளில் ரத்தம் கசிந்தால் பெரும்பாலும் இவைதான் குற்றவாளி. அடுத்தபடி தைராய்டு சுரப்பி. பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு சிறகு. நடுவில் ஓர் இணைப்பு. அந்த இணைப்பு சரியாக நமக்கு வேண்டிய வளையங்களின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதற்குள் ஏராளமான ரத்த ஓட்டம். கழுத்துக் கழலை உள்ளவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். இணைப்பை மேலே தூக்கிப் பிடிப்பார்கள். இல்லையென்றால் இரண்டு பக்கமும் கட்டி விட்டு நடுவில் வெட்டுவார்கள். அதற்குக் கீழே சுரப்பியிலிருந்து மார்புக்கு இறங்கும் சிரைகள். இவற்றைப் பார்த்துப் பார்த்துக் கட்ட வேண்டும்.

இன்னும் ஒரு மறைவான பேர்வழி உண்டு. நூறு பேரில் மூன்று முதல் பத்துப் பேருக்கு, அழையாத விருந்தாளியாக ஒரு தமனி மார்புக்குள்ளிருந்து புறப்பட்டு, மூச்சுக் குழாயின் முன்னால் நேராக மேலே ஏறித் தைராய்டுக்குப் போகும். மற்றவர்களுக்கு அது இல்லவே இல்லை. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன?

"அப்படியானால் எப்படித்தான் தப்பிக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"நடுவை விட்டு விலகாம இருக்கணும். அவ்வளவுதான் ஸார், பாதி வித்தை" என்றார்.

கழுத்தின் பெரிய ரத்தக் குழாய்கள், அதாவது மூளைக்குப் போகும் தமனிகளும் அங்கிருந்து திரும்பும் பெரிய சிரைகளும், இரண்டு பக்கங்களிலும் ஓடுகின்றன. நடுக்கோட்டில் தசைகள் சந்திக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டிலேயே பிரித்துக் கொண்டு போக வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் விரலை விட்டுக் குழாய் எங்கே என்று தடவிப் பார்த்துக் கொள்ள வேண்டும். உதவி செய்கிறவர் ஒரு பக்கம் அதிகமாக இழுத்தால் மூச்சுக் குழாயே நகர்ந்து விடும். ஸர்ஜன் நடு என்று நினைத்துக் கொண்டு பக்கத்தில் இறங்கி விடுவார். இரண்டு பேரும் ஒரே பலத்தில் இழுக்க வேண்டும். மிருதங்கமும் வயலினும் மாதிரி ஒத்துப் போக வேண்டும் என்று நான் சொன்னதற்கு, "சில நாள் தனி ஆவர்த்தனம் ஆயிடும்" என்று சிரித்தார்.

கத்தி எடுப்பதற்கு முன்பே செய்கிற காரியங்கள் சில. நீங்கள் முதலில் விரலை வைத்தீர்களே, அந்தக் குழியில் டாக்டரும் விரலை வைத்துப் பார்ப்பார். அங்கே நாடி துடிக்கிறதா என்று. துடித்தால் ஜாக்கிரதை! மார்புக்குள் இருக்க வேண்டிய ஒரு பெரிய தமனி அண்டை வீட்டுக்காரனைப் போல மேலே எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். இப்போது அல்ட்ரா ஸவுண்ட் கருவியைக் கழுத்தில் வைத்து, எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று முன்கூட்டியே படம் பார்த்து விடுகிறார்கள். 1985-ல் ஸியாலியா என்ற அமெரிக்க ஸர்ஜன், ஊசி குத்தி, கம்பி விட்டு, துவாரத்தைப் படிப்படியாக விரித்துக் குழாயைச் செருகும் முறையைக் கொண்டு வந்தார். படுக்கையிலேயே செய்து விடலாம். ஆனால் அதில் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்ப்பதில்லை. ஆகவே அல்ட்ரா ஸவுண்ட் அங்கே இன்னும் அவசியம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ ஊசியோ போட்டுக் கொள்கிறாரா என்பது இன்னொரு கேள்வி. இதய நோய்க்காரர்கள் பலர் போட்டுக் கொள்கிறார்கள். வீட்டார் இதை மறக்காமல் சொல்லி விட வேண்டும். நிறுத்துவதா, எப்போது நிறுத்துவது என்பது டாக்டர்கள் கூடிப் பேசி முடிவு செய்கிற விஷயம். நாமாக நிறுத்தினால் இதயம் கோபித்துக் கொள்ளும். மின்சாரச் சூட்டுக்கோலால் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைப் பொசுக்கி விடுகிறார்களே, அதிலும் ஒரு வரம்பு உண்டு. மூச்சுக் குழாயைத் திறக்கும் சமயத்தில் அதைத் தொடக் கூடாது. உள்ளே பிராணவாயு நிரம்பியிருக்கிறது. பொறி பட்டால் தீப்பிடித்துக் கொள்ளும். அங்கே பழைய கத்திதான்.

அவசர கேஸ் என்றால் வேறு இடம். விபத்தில் முகம் சிதைந்து, நிமிஷக் கணக்கில் உயிர் போகிறது என்றால், இத்தனை அடுக்குகளைப் பிரித்துக் கொண்டிருக்க முடியாது. குரல்வளைக்கும் மோதிரத்துக்கும் இடையில் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்பட்டதே, அங்கே ஒரு மெல்லிய ஜவ்வு இருக்கிறது. தோலுக்கு நேர் கீழே. அதைத் திறப்பார்கள். அங்கேயும் ஒரு சின்னத் தமனி ஜவ்வின் மேல் பாதியில் குறுக்கே போகிறது. அதனால் தோலை நெடுக்காக வெட்டி, ஜவ்வைக் கீழ் ஓரத்தில், மோதிரத்தை ஒட்டிக் குறுக்காக வெட்ட வேண்டும். சினிமாவில் கதாநாயகன் பேனாவைக் கழற்றி நண்பனின் கழுத்தில் குத்திக் காப்பாற்றுகிறானே, அவன் மேல் பாதியா கீழ் பாதியா என்று கவனித்ததாக எனக்கு நினைவில்லை. தயவு செய்து நீங்கள் யாரும் அதைப் பரீட்சை செய்து பார்க்க வேண்டாம்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாமாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அரை மணியில் வெளியே வந்து விட்டார்கள். இரண்டு கரண்டி ரத்தம் கூடச் சிந்தவில்லை. மாமி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். ஆபத்து எல்லாம் தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் ஸர்ஜன் மாத்திரம் தினம் வந்து அந்தக் குழாயையே பார்த்துக் கொண்டிருந்தார்.

காரணம் இதுதான். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் முதல் பெரிய கிளை ஒன்று, வலது கைக்கும் தலையின் வலது பக்கத்துக்கும் ரத்தம் கொண்டு போகிறது. கட்டை விரல் பருமன் இருக்கும். அது மூச்சுக் குழாயின் முன்புறம் ஒட்டினாற்போலக் குறுக்கே கடந்து போகிறது. பெரும்பாலும் ஒன்பதாவது வளையத்துக்கு நேரே. ஆனால் சிலருக்கு ஆறாவதிலேயே, சிலருக்குப் பதின்மூன்றாவதில். ஆறு என்றால் நம்முடைய நாலாவது வளையத்துக்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள்! குழந்தைகளுக்கு இன்னும் மேலே இருக்கும்.

ஓட்டையை மூன்று நான்குக்குக் கீழே போட்டு விட்டால், குழாய் அந்தத் தமனியின் மேல் உட்கார்ந்து கொள்ளும். "கீழே போகாமல் மேலேயே போட்டு விடலாமே?" என்றால் அதுவும் முடியாது. பிலடெல்பியாவில் ஷெவாலியே ஜாக்ஸன் என்ற ஸர்ஜன் 1921-லேயே எச்சரித்திருக்கிறார்: மோதிர வளையத்தை ஒட்டி உயரத்தில் போட்டால் பிற்பாடு வடுப்பட்டு மூச்சுக் குழாய் குறுகி விடும். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பது இதுதான்.

தப்புக் கணக்கு எப்படி நேரும் என்பதையும் அவர் சொன்னார். ஆபரேஷனுக்குத் தோளுக்கு அடியில் ஒரு துணிச் சுருளை வைத்துத் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். கழுத்து நன்றாக விரிந்து தெரியும். ஆனால் அளவுக்கு மீறிச் சாய்த்தால் மார்புக்குள் இருக்கிற வளையங்களெல்லாம் கழுத்துக்கு ஏறி வந்து விடும். தமனியும் கூடவே வரும். ஸர்ஜன் கழுத்தில்தான் ஓட்டை போட்டோம் என்று நினைத்துக் கொண்டிருப்பார். தலையை நேராக்கியதும் ஓட்டை மார்பெலும்புக்குப் பின்னால் போய் ஒளிந்து கொள்ளும்! ஆகவேதான் நல்ல ஸர்ஜன் வளையங்களை மேலேயிருந்து ஒன்று, இரண்டு என்று விரலால் எண்ணி விட்டுக் கத்தியை வைக்கிறார்.

சரியான இடத்தில் போட்டாலும் அபாயம் முழுவதும் போய் விடாது. குழாயின் நுனிக்கு மேலே ஒரு சின்னப் பலூன் இருக்கிறது. 'கஃப்' என்று நர்ஸ்கள் சொல்வது அதைத்தான். யந்திரம் செலுத்தும் காற்று ஓரத்தால் தப்பி விடாமலும், எச்சில் உள்ளே இறங்காமலும் அது அடைத்துக் கொண்டிருக்க வேண்டும். அதை அதிகமாக ஊதி விட்டால் மூச்சுக் குழாயின் உள் தோலுக்கு ரத்தம் போகாது. 20-லிருந்து 30 ஸென்டிமீட்டர் நீரழுத்தம் என்பது கணக்கு. 30-ஐத் தாண்டினால் ரத்த ஓட்டம் குறைகிறது. 50 ஆனால் நின்றே போகிறது. ரத்தம் இல்லாத தோல் அழுகும், அப்புறம் குருத்தெலும்பு, அப்புறம், அதற்கு முன்னால் துடித்துக் கொண்டிருக்கும் தமனியின் சுவர். பழைய ரப்பர் குழாய்களின் பலூன் சின்னதாக, விறைப்பாக இருந்தது. பெரிதாகவும் தளர்ச்சியாகவும் உள்ள பலூன்கள் 1970-களில் வந்த பிறகு இந்தத் தொல்லை நிறையக் குறைந்தது. பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று சொல்வது போதாது. அழுத்தம் பார்க்கிற ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதை வைத்து வேளைக்கு வேளை பார்க்க வேண்டும்.

யந்திரத்தின் கனமான குழாய்களைக் கழுத்தில் தொங்க விட்டால், உள்ளே இருக்கும் நுனி நெம்புகோல் மாதிரி முன் சுவரில் போய் இடிக்கும். நோயாளியைப் புரட்டும்போது ஒருவர் குழாயையே பிடித்துக் கொண்டிருக்க வேண்டும். சளி உறிஞ்சும் குழாயை ஆழமாக விட்டுக் குத்தக் கூடாது. இதெல்லாம் ஸர்ஜன் கையில் இல்லை. நர்ஸின் கையிலும், ராத்திரி கண் விழிக்கிற பெண்டாட்டி பிள்ளைகளின் கையிலும்தான் இருக்கிறது.

இப்படித் தமனி அரித்துத் திறந்து கொள்வது அபூர்வம். இந்த ஆபரேஷன் செய்து கொண்ட நூறு பேரில் ஒருவருக்குக் கூட வருவதில்லை. ஆனால் வந்து விட்டால், உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைப்பதில்லை. பெரும்பாலும் முதல் மூன்று நான்கு வாரங்களுக்குள் வருகிறது. இதில் ஒரு சின்ன தாட்சண்யம் என்னவென்றால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது முன்கூட்டியே கதவைத் தட்டுகிறது. புத்தம் புது ரத்தம், ஒன்றிரண்டு ஸ்பூன் அளவு வரும். தானாகவே நின்று விடும். "சளி எடுக்கும்போது கீறியிருக்கும்" என்று எல்லோரும் சமாதானம் அடைவார்கள். பல தடவை அது உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் ஆபரேஷன் ஆன மூன்றாம் நாளிலிருந்து ஆறு வாரம் வரைக்கும் அப்படி ரத்தம் வந்தால், தமனிதான் என்றே வைத்துக் கொண்டு, இல்லை என்று நிரூபிக்கிற வரையில் ஸர்ஜன்கள் தூங்குவதில்லை.

பெரிய ரத்தம் வந்தே விட்டால்? பலூனை நிறைய ஊதி அடைத்துப் பார்ப்பார்கள். அநேகமாகக் கொஞ்ச நேரத்துக்கு அடங்கும். அடங்காவிட்டால் வாய் வழியாக வேறு குழாயை இறக்கி மூச்சைக் காப்பாற்றிக் கொண்டு, கழுத்து ஓட்டைக்குள் விரலை விட்டு, தமனியை முன்னால் மார்பெலும்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக் கொள்வார்கள். 1972-ல் அட்லி என்ற ஸர்ஜனும் அவருடைய சகாக்களும் எழுதி வைத்த முறை அது. பிடித்த விரலை எடுக்காமல் அப்படியே நோயாளியோடு ஆபரேஷன் அறைக்குள் போக வேண்டியதுதான். மார்பைத் திறந்து தமனியைக் கட்டுகிறவரையில் அந்த விரல் அங்கேயே இருக்கும்.

மாமாவுக்குப் பதினோராம் நாள். காலை ஐந்து மணி. மருமகள்தான் பக்கத்தில் இருந்தாள். பாங்கியில் வேலை பார்க்கிற பெண். கணக்கு என்றால் கணக்கு. ஒரு நாற்பது பக்க நோட்டில் பலூன் அழுத்தம், சளியின் நிறம், எத்தனை மணிக்குப் புரட்டினார்கள் என்று எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தாள். மாமி கூட, "என்னடி இது, பால்காரன் கணக்கு மாதிரி" என்று கேலி செய்வாள். அன்று குழாயின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கசிவு. துடைத்தாள். மறுபடியும் வந்தது. ஒரு ஸ்பூன் இருக்கும். பிறகு நின்று விட்டது.

இரவு நர்ஸ், "சளி எடுத்ததுல பட்டிருக்கும்மா" என்றாள். மருமகள் நோட்டைப் புரட்டிக் காட்டினாள். ராத்திரி பன்னிரண்டரைக்குப் பிறகு சளியே எடுக்கவில்லை. அதோடு இன்னொரு விஷயமும் சொன்னாள்: "நேத்து சாயங்காலத்திலேருந்து குழாய் துடிக்கிற மாதிரி இருக்கு. நாடிக்கு நாடி ஆடறது. வாங்கோ, பாருங்கோ."

நர்ஸ் குனிந்து பார்த்தாள். அப்புறம் ஓடினாள்.

ஸர்ஜன் இருபது நிமிஷத்தில் வந்து விட்டார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. ஆபரேஷன் அறையைத் தயாராக வைக்கச் சொல்லி, ரத்தம் வரவழைத்து வைத்துக் கொண்டு, மெல்லிய விளக்குக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார். குழாயின் நுனி முன் சுவரில் இடித்து இடித்துப் புண் பண்ணியிருந்தது. புண்ணுக்குப் பின்னால் துடிப்பு தெரிந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். தமனி பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அதன் சுவர் உடையவில்லை. நீளத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடிய வேறு குழாயைப் போட்டு, நுனியைப் புண்ணை விட்டுத் தள்ளி வைத்தார்கள். ஒரு வாரம் ஐ.ஸி.யூ.வை விட்டு நகர விடவில்லை. மறுபடி ரத்தம் வரவில்லை.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. குழாயை எடுத்து விட்டார்கள்; ஓட்டையும் மூடிக் கொண்டது. காலர் இல்லாத ஜிப்பா போட்டால் மட்டும் ஒரு சின்ன வடு தெரியும். குரல் கொஞ்சம் கரகரப்பு. "முன்னாலே பாகவதர் மாதிரி இருந்தது, இப்போ கெட்டுப் போச்சு" என்று மாமா சொல்லிக் கொள்கிறார். முன்னாலும் இப்படித்தான் இருந்தது என்று மாடி முழுக்கச் சாட்சி சொல்லும்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மருமகள் காபி கொண்டு வந்து வைத்தாள். அந்த நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். மாமி அலமாரியைத் திறந்து காட்டினாள். சுவாமி படத்துக்குப் பக்கத்தில், சுந்தர காண்டத்துக்கு மேலே இருந்தது. பதினோராம் நாள் பக்கத்தைப் புரட்டினேன். பென்ஸிலில் எழுதியிருந்தாள்: "5-10. சிவப்பு. 1 ஸ்பூன். நர்ஸைக் கூப்பிட்டேன்." அதற்குக் கீழே, மாமாவின் நடுங்குகிற கையெழுத்தில், புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: "பாஸ் செய்தேன்." அவர் ஆடிட் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர்.